தாத்தாவின் துப்பாக்கி தேர்தலுக்குப் போய்த் துருவோடு வந்தது: லைசென்ஸ், பன்றித் தொல்லை, பழைய கணக்கு, எல்லாம் பேசலாம்

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் வரும்.

எங்கள் வீட்டில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. வெப்லி அண்ட் ஸ்காட், 12 போர் ('போர்' என்றால் குழல் துளையின் அளவு). தாத்தா வாங்கியது, அப்பா வைத்திருந்தது, இப்போது லைசென்ஸ் என் பெயரில். 2024 நாடாளுமன்றத் தேர்தலை மார்ச் 16 அன்று அறிவித்தார்கள். நாலாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள் என்று. நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-லேயே முடிந்தது, ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டமும் முடிந்து எண்ணியது ஜூன் 4. அப்புறம் நான் மூன்று தடவை நடந்து, அது கைக்கு வந்தபோது ஆனி பிறந்துவிட்டது.

திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, துப்பாக்கியை மடக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழலுக்குள் பார்த்தேன். வலது குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. இடது குழலில் வாய்க்கு நாலு விரல் உள்ளே செம்பழுப்பாக ஒரு திட்டு. தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றி இழுத்து இழுத்துப் பார்த்தேன். நிறம் போனது, புள்ளி புள்ளியாகக் குழி மட்டும் நின்றுவிட்டது. அறுபது வருடத்துக் குழல். ஐப்பசி, கார்த்திகை அடைமழை எத்தனை பார்த்திருக்கும், அப்போதெல்லாம் விழாத குழி மூன்று மாதத்தில் விழுந்துவிட்டது.

தேர்தல் நேரத்தில் ஆயுதத்தை வாங்கி வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர்தல் ஆணையம் சொல்வது வேறு. ஒரு பரிசீலனைக் குழு உட்கார்ந்து லைசென்ஸ்காரர்களை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும், ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், முன்பு கலவரத்தில் சிக்கியவர், முக்கியமாகத் தேர்தல் கலவரத்தில் சிக்கியவர், இவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. இங்கே நடப்பது பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே போன். ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் வாதம். லைசென்ஸ் கொடுக்கும்போதும் சரி, துப்பாக்கியை வாங்கி வைக்கும்போதும் சரி.

---

பழைய_ரைட்டர் எழுதியது:

தம்பி, நான் முப்பத்திரண்டு வருடம் போலீஸில் இருந்தவன், அதில் பாதி ஸ்டேஷன் ரைட்டர் வேலை, அதாவது பதிவேடு எழுதுவது. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்தல் வந்தால் நாற்பது, ஐம்பது துப்பாக்கி வரும். ஒவ்வொன்றிலும் சணல் கயிற்றில் அட்டை கட்டி, நம்பர் போட்டு, சுவரில் சாய்த்து வைப்போம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பழைய கட்டடம் என்றால் சுவரே ஓதம் காத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் ஸ்டேஷனில் இருக்கும் அத்தனை பேரும் பந்தோபஸ்து, வாகனச் சோதனை, பூத் டூட்டி என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் போட ஆள் ஏது? அது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஆளைப் பார்த்து முடிவு செய் என்கிறீர்களே, அதில் இருக்கும் கஷ்டம் தெரியுமா? ஒரே தெருவில் ஒருத்தரிடம் வாங்கி இன்னொருத்தரை விட்டால், 'அவன் ஆளுங்கட்சி, அதனால் விட்டுவிட்டாய்' என்று மறுநாள் மறியல். எல்லோரிடமும் வாங்கிவிட்டால் பேச்சு இல்லை. அதனால்தான் ஒரே போன்.

ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் வையுங்கள், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ரசீதை ஸ்டேஷனில் காட்டினால் போதும். கடைக்காரர் மாத வாடகை வாங்குவார், ஆனால் துடைத்து வைப்பார்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. கடையில் வைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அடுத்த தேர்தலுக்கு அப்படியே செய்கிறேன்.

ஆனால் மறியலுக்குப் பயந்து எல்லோரிடமும் வாங்குவது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை எழுத்தில் கொடுத்தால் மறியல் எதற்கு? இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி நிற்கிறதே, நாயக்கர் காலத்து வேலை. வார்த்தது இல்லை, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாகக் காய்ச்சி அடித்து இறுக்கியது. நானூறு வருடமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதாக அரித்துப் போகவில்லை. அது அந்தக் கால இரும்பு. துப்பாக்கிக் குழல் எஃகு அப்படி இல்லை, விரல் ரேகை பட்ட இடத்தில்கூடத் துரு பிடிக்கும். தொட்டால் துடைக்க வேண்டும்.

---

கொள்ளிடக்கரை_வாழை எழுதியது:

அண்ணே, நீங்கள் துருவுக்கு வருத்தப்படுகிறீர்கள், எனக்குத் துப்பாக்கியே இல்லை. திருவையாறு பக்கம், கொள்ளிடப் படுகையில் மூன்று ஏக்கர் வாழை. போன மாதம் ஒரே ராத்திரியில் நாற்பது கன்று போச்சு. பன்றி வந்து அடியைத் தோண்டிக் கிழங்கைத் தின்றுவிட்டு மரத்தை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுப் போகிறது. ஆற்றுக்குள் நாணலும் கருவேலமும் காடு மாதிரி மண்டிக் கிடக்கிறது, பகலெல்லாம் அங்கேதான் படுக்கை. தகரம் தட்டிப் பார்த்தேன், பழைய சேலை கட்டிப் பார்த்தேன், பத்து நாளைக்கு மேல் எதற்கும் மசியவில்லை. பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்லித் துப்பாக்கி லைசென்ஸ் போட்டால் கிடைக்குமா? கிடைத்தால் பன்றியைச் சுடலாமா?

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தம்பி, சுடக் கூடாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கலெக்டருக்கு மனு, அதன்மேல் போலீஸ் விசாரணை, வருவாய்த்துறை விசாரணை, 21 வயது ஆகியிருக்க வேண்டும், 2016 ஆயுத விதிகளுக்கு அப்புறம் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி எடுத்த சான்றிதழும் வேண்டும். ஆனால் துப்பாக்கிக்கு லைசென்ஸ் என்பது விலங்கைக் கொல்வதற்கு லைசென்ஸ் ஆகாது. காட்டுப்பன்றி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணையைப் பாருங்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் என்றால் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும், நாம் இல்லை. நம் டெல்டாவில் காப்புக்காடே அபூர்வம், உங்கள் படுகை அந்த மூன்றாவது வகையில்தான் வர வேண்டும். வி.ஏ.ஓ.வையும் வனத்துறையையும் எழுத்தில் கேளுங்கள், பத்துப் பேர் கையெழுத்தோடு கேளுங்கள்.

என் துப்பாக்கி இத்தனை வருடத்தில் செய்த வேலை சத்தம் போடுவது மட்டும்தான். உளுந்து, பயறு முளைத்து வரும் தை மாசிக் காலத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றுப் பக்கம் பார்த்து ஒரு வேட்டு. ஒரு வாரம் நிம்மதி. என் லைசென்ஸ் புத்தகத்தில் வருடத்துக்கு 25 தோட்டாதான், அதில் பாதிகூடச் செலவானதில்லை.

இன்னொன்றையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வயலைச் சுற்றிக் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஊரில் முறைத் தண்ணீர் திறக்க ராத்திரி மண்வெட்டியோடு போன ஆள், அடுத்த வயல்காரர் பன்றிக்குக் கட்டிய கம்பியை மிதித்து அங்கேயே போய்விட்டார். காலையில் போய்ப் பார்த்தபோது டார்ச் மட்டும் வரப்பில் எரிந்துகொண்டிருந்தது. கம்பி கட்டியவரும் கெட்டவர் இல்லை, உங்களை மாதிரி நொந்துபோனவர்தான். தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படித்தான், பன்றி கடிக்குமா, மாடு கடிக்குமா, பிள்ளை எடுக்குமா என்று வைத்தவனுக்கே தெரியாது. ஒரு துப்பாக்கியாவது விசையில் விரல் வைத்த மனிதனின் கண்ணைக் கேட்டுத்தான் வெடிக்கும்.

---

கீவளூர்_வாத்தியார் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். உங்கள் எழுத்தில் நேர்மை தெரிகிறது, அதனால்தான் கேட்கிறேன். தாத்தாவின் துப்பாக்கி, அறுபது வருடம் என்று எழுதினீர்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் கீழத்தஞ்சையில் யாரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி எங்களுக்குப் பக்கம்தான். விவசாயக் கூலிகள் மிராசுதார்களிடம் கூலி உயர்வு கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள், அதற்காக ஒரு குடிசைக்குள் 44 பேர், பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், எரிந்துபோனார்கள். தீ வைப்பதற்கு முன்னால் வந்தது துப்பாக்கி. குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். கீழ்க்கோர்ட் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த ராத்திரி குடிசைக்காரன் கையில் இருந்தது கல்லும் கம்பும். இந்த மண்ணில் துப்பாக்கியின் சரித்திரம் இதுதான் ஐயா. துருவைப் பற்றிப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வாத்தியாரய்யா, இதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் தாத்தாவுக்கு லைசென்ஸ் கிடைத்தது நிலம் இருந்ததால்தான். வேறு தகுதி எதுவும் யாரும் கேட்கவில்லை. ஆச்சி சொல்லி நான் கேட்டது இது: அறுப்புக் காலத்தில் களத்தில் நெல் அளக்கும்போது தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார், துப்பாக்கி மடியில் குறுக்கே கிடக்கும். யாரையும் சுட்டதில்லை, நீட்டியதுகூட இல்லை. ஆனால் மரக்கால் எப்படி அளந்தாலும் எதிரே நிற்பவர் வாய் திறக்க மாட்டார். ஆச்சி அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நானும் சின்ன வயதில் பெருமையாகத்தான் கேட்டேன்.

அப்பாதான் அதை மாற்றியது. வெண்மணி நடந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அதற்கப்புறம் களத்துப் பக்கம் துப்பாக்கி போகவே இல்லை. வயலில் ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருந்தாலும் எடுக்க மாட்டார், தோட்டாவை ஒரு அறையிலும் துப்பாக்கியை ஒரு அறையிலும் பூட்டி, இரண்டு சாவியையும் தன் அரைஞாணில் கட்டிக்கொள்வார். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது, 'சுடாத துப்பாக்கியும் பேசும்டா' என்பது மட்டும்தான்.

நான் ஆளைப் பார் என்று சொல்வது இதனால்தான். பட்டா எத்தனை ஏக்கர், எந்த வீட்டுப் பிள்ளை, எந்தக் கட்சிக்காரர் சிபாரிசு என்று பார்க்காதே. குடிக்கிறானா, பெண்டாட்டியை அடிக்கிறானா, வாய்க்கால் தகராறில் கை ஓங்குகிறானா என்று பார். இப்போதும் மனுவோடு யாருடைய போன் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பல இடங்களில் வேகம் இருக்கிறது. படுகையில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பயிர் செய்கிற ஒரு ஆள் மனு போட்டால் அதே வேகத்தில் நகர வேண்டும். அன்றைக்குத்தான் இந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நான் ஒப்புக்கொள்வேன்.

---

மன்னை_கிங் எழுதியது:

அண்ணா, எனக்கு 23 வயசு. அமெரிக்காவில் எல்லாம் கடையில் போய் வாங்கிட்டு வர்றாங்க, அது அவங்க உரிமை. நமக்கு மட்டும் ஏன் இல்லை? எனக்கு 9 எம்.எம். பிஸ்டல் ஒன்று காரில் வைத்திருக்க ஆசை, ஒரு கெத்துக்கு. என்ன செய்யணும்?

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தம்பி, 9 எம்.எம். தடை செய்யப்பட்ட போர். சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. கிடைப்பது .32 ரிவால்வர், பிஸ்டல், அப்புறம் 12 போர், .315 ரைபிள் இந்த மாதிரி. அதுவும் ஆயிரங்களில் வராது. 2014-இல் பெண்களுக்கென்று கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வர் கொண்டுவந்தபோதே விலை 1.22 லட்சம். கெத்துக்கு என்று மனுவில் எழுதினால் அங்கேயே முடிந்தது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக ஆனது. கல்யாணம், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உரிமை என்று கேட்டாய், அது நல்ல கேள்வி, அதற்கு நம் ஊரிலேயே சரித்திரம் இருக்கிறது. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது, வெள்ளைக்காரனுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த அவமானம் காந்தியையே உறுத்தியிருக்கிறது. ஆங்கில ஆட்சி செய்த கெடுதல்களிலேயே ஆகக் கறுப்பானது அந்தச் சட்டம் என்று 1918-இல் படைக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில் எழுதினார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அடிப்படை உரிமையாக இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அதைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் ஏற்கவில்லை. நான் துப்பாக்கிப் பிரியன்தான், ஆனால் வாத்தியார் எழுதியதைப் படித்த பிறகு சொல், 1948-இல் அது உரிமையாகியிருந்தால் முதலில் யார் வாங்கியிருப்பார்கள்? காசு இருந்தவன். அம்பேத்கர் செய்தது சரி.

துப்பாக்கியை மரியாதையோடு வைத்திருக்கும் ஊர் பார்க்க வேண்டும் என்றால் அமெரிக்கா எதற்கு? நம் காவிரி பிறக்கும் குடகுக்குப் போ. கொடவர்களுக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. கைல்பொழுது பண்டிகையில் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, குழல் வாயில் செங்காந்தள் பூ செருகிக் கும்பிடுவார்கள். நம் மாநிலப் பூ அங்கே துப்பாக்கிப் பூ. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு. பெரியவர் கையில் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

---

பத்து_மீட்டர் எழுதியது:

மன்னை அண்ணா, சுட ஆசை என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். நான் தஞ்சாவூரிலிருந்து சனி, ஞாயிறு பஸ் ஏறித் திருச்சி ரைபிள் கிளப்புக்குப் போகிறேன். 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தாரே, அதே இடம்தான். அன்றைக்கு அவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதற்கப்புறம்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கப் போனேன்.

10 மீட்டர் ஏர் ரைபிள், .177 ரவை, லைசென்ஸ் வேண்டாம். இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். நெல்மணி நுனியை விடச் சின்னது. சுடும்போது அணிகிற விறைப்பான கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு அறுபது தடவை மூச்சை அடக்கி விட வேண்டும், அறுபதாவதில் முட்டி நடுங்கும். கோபத்தோடு வந்தால் ஏழு, எட்டில்தான் விழும், நான் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளெல்லாம் என் நோட்டைப் பார்த்தாலே தெரியும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் எல்லாம் ஒலிம்பிக் வரை போனவர்கள், தூரத்து ஆட்கள் இல்லை.

கஷ்டம் என்னவென்றால் பஸ்ஸில் அந்த நீளப் பெட்டியைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்ல வேண்டும். டெல்டாவில் ஒரு மாவட்டத்துக்கு ஒரு நல்ல பத்து மீட்டர் கூடம் இருந்தால் போதும், என்னை மாதிரி எத்தனையோ பிள்ளைகள் வருவார்கள்.

---

வேதை_உப்பு எழுதியது:

பாப்பா சொல்வது நல்லது, ஆனால் அந்த லைசென்ஸ் இல்லாத ஏர்கன்தான் எங்கள் பக்கம் தொல்லை. கோடியக்கரைக்கு வெளியே, உப்பளம் ஓரம், மழைக்காலத்தில் வெளியூர்க் கார் வந்து நிற்கும். மடையான், உள்ளான், கொக்கு, எது உட்கார்ந்தாலும் சுடுகிறார்கள். போன வருடம் இறக்கை ஒடிந்த ஒரு உள்ளானைத் தூக்கி வந்தேன், கையளவுகூட இல்லை, நெஞ்சில் ரவை தைத்திருந்தது, ராத்திரி முழுக்க அட்டைப் பெட்டியில் துடித்துவிட்டு விடியலில் செத்தது. எத்தனை ஆயிரம் மைல் பறந்து நம் சேற்றை நம்பி வந்ததோ.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

படித்ததும் வயிறு எரிகிறது. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால் பறவைக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. சுட்டது காற்றுத் துப்பாக்கியா, தோட்டாத் துப்பாக்கியா என்று வன உயிரினச் சட்டம் பார்ப்பதில்லை, வேட்டை என்றால் வேட்டைதான். கார் நம்பரைப் படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள். இவர்களால்தான் எங்களையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

---

பாபநாசம்_மகள் எழுதியது:

ஐயா, நான் இதுவரை எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது. பீரோவில் அவருடைய துப்பாக்கி இருக்கிறது, ஒற்றைக் குழல், கூட ஒன்பது தோட்டா. லைசென்ஸ் அப்பா பெயரில். அம்மா அந்த அறைக்கே போக மாட்டேன் என்கிறார். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. விற்கவும் மனசு வரவில்லை.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அம்மா, வருத்தப்படாதீர்கள், இது எல்லா வீட்டிலும் வருகிற வேலைதான், வழி இருக்கிறது. ஆனால் தள்ளிப்போட வேண்டாம். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வீட்டில் அப்படியே வைத்திருக்கக் கூடாது, ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். மேலே ரைட்டர் ஐயா சொன்னபடி கடையே நல்லது.

முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள், சொல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழ் நகல், அப்பாவின் லைசென்ஸ் புத்தகம், ஒன்பது தோட்டா, எல்லாவற்றையும் எண்ணி எழுதி, துப்பாக்கி நம்பரோடு ரசீது வாங்குங்கள். அவர்கள் வாங்கும்போதே குழலைத் திறந்து காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தேதி தெரிய வேண்டும். நான் அதைச் செய்யாததால்தான் குழியை யாரிடமும் நிரூபிக்க முடியவில்லை. அப்புறம் வாரிசுச் சான்றிதழோடு உங்கள் பெயருக்கு மனு போடலாம், 2016 விதிகளில் வாரிசுக்கென்று தனி வழியே இருக்கிறது. மகள் என்பதால் யாராவது யோசித்தால், சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லுங்கள்.

துப்பாக்கியைத் திறந்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று நீங்களாகப் பார்க்க வேண்டாம். பழகாத கை. நான் வியாழக்கிழமை கும்பகோணம் வருகிறேன், அங்கிருந்து பாபநாசம் அரை மணி நேரம்தான். அம்மா வீட்டில் இருக்கும்போது, உங்கள் மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், என் லைசென்ஸ் புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டுகிறேன். ஸ்டேஷனிலிருந்தும் ஒருவரை வரச் சொல்லுங்கள், அவர் முன்னால் திறந்து பார்த்துவிடலாம். தனி மடலில் நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

---

பழைய_ரைட்டர் எழுதியது:

வியாழன் நானும் கும்பகோணத்தில்தான் இருப்பேன். நானும் வருகிறேன் தம்பி, ஸ்டேஷனில் நான் பேசிக்கொள்கிறேன்.